“பொசிட்டிவ்வாம் அம்மா, நல்லதாம்!” – வாசகர் கேள்வி பதில்

போன மாசம் "இங்கிலீஷ் வராமல் நீங்கள் பட்ட பாட்டை எழுதி அனுப்புங்கோ" எண்டு கேட்டிருந்தன், கடிதத்தை விட வட்ஸ்அப் வொய்ஸ் மெசேஜ்தான் கூட வந்தது, சிலது 7 நிமிசம், பின்னால குக்கர் விசிலும் கேக்குது. எல்லாத்தையும் போட இடமில்லை, ஆறு பேருக்கு இந்த முறை பதில். பேர் ஆற்றையும் போடேல்லை, இடம் மட்டும்தான்.

கேள்வி: அக்கா, நாங்கள் வந்து 14 மாசம். எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும், திருப்பிக் கதைக்க வராது. டொக்டரிட்ட போகேக்க 11 வயசு மகளைத்தான் கூட்டிக்கொண்டு போறனான், அவள் நல்லாக் கதைப்பாள். இந்த முறை எனக்குப் பொம்பிளையளுக்கு வாற பிரச்சினை ஒண்டு, பிள்ளைக்கு முன்னால என்னெண்டு சொல்லுறது, சும்மா தலையிடி எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பி வந்திட்டன். அவருக்கு வேலையால லீவு எடுக்க ஏலாது. என்ன செய்ய?
– மார்க்கம் வாசகி

பதில்: தலையிடிக்கு டொக்டர் குளிசை தந்திருப்பாரே? அதையும் போட்டிருப்பீங்கள்!

தங்கச்சி, உங்களைக் குறை சொல்லேல்லை, கனடா வந்த எங்கட ஆக்கள் முக்கால்வாசிப்பேர் இதைத்தான் செய்தவை. ஆனா இனி மகளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. அவள் கெட்டிக்காரிதான், அவளுக்குத் தெரிஞ்ச தமிழ் வீட்டுத் தமிழ், அவளுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் பள்ளிக்கூட இங்கிலீஷ், டொக்டர் கதைக்கிறது ரெண்டிலயும் இல்லை. நான் மொழிபெயர்ப்பு வேலைக்குப் போய்வந்த காலத்தில ஒரு கிளினிக்கில கண்டது இப்பவும் மனசில நிக்குது. நான் வேற ஆளுக்காகப் போய் வெளியில இருக்கிறன். ஒரு அம்மாவும் 9 வயசுப் பெடியனும் உள்ளுக்க இருந்து வாறினம், அம்மா "என்னவாம்டா?" எண்டு கேக்க, பெடியன் சிரிச்ச முகத்தோட "ரெஸ்ட் பொசிட்டிவ்வாம் அம்மா, நல்லதாம்!" எண்டான். அவனுக்குப் பொசிட்டிவ் எண்டா நல்லது, ரீச்சர் வகுப்பில அப்பிடித்தானே சொல்லுறா. மனுசி கோயிலுக்கு நேர்த்தி வைக்கிற அளவுக்குச் சந்தோசப்பட்டிட்டா. நான் எழும்பிப் போய்க் கேட்டுத் திரும்ப உள்ளுக்க கூட்டிக்கொண்டு போகவேண்டி வந்தது. அதுக்குப் பிறகு அந்தப் பெடியன்ர முகம் போன போக்கை நான் சொல்லேல்லை. தான்தான் ஏதோ பிழை செய்து அம்மாக்கு வருத்தத்தைக் கொண்டுவந்தது மாதிரி நிண்டவன்.

இப்ப செய்யவேண்டியது இதுதான். அப்பொயின்ட்மென்ட் எடுக்கேக்கயே, போற அண்டைக்கு இல்லை, எடுக்கேக்கயே "ஐ நீட் எ டமில் இன்டர்பிரெட்டர்" எண்டு சொல்லுங்கோ, இந்த ஒரு வசனத்தைப் பாடமாக்கினால் காணும். ரொறன்ரோப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியளில ஃபோன்ல மொழிபெயர்ப்பாளரை எடுத்துத் தருவினம், உங்களிட்டக் காசு கேக்க மாட்டினம். ஸ்பீக்கரில போட்டு டொக்டர் ஒரு வசனம், அவர் ஒரு வசனம், நீங்கள் ஒரு வசனம், அப்பிடிப் போகும். முகம் தெரியாத ஆள் எண்டதால வெக்கமும் குறைவு, பொம்பிளை மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டும் கேக்கலாம். குடும்ப டொக்டர்மார் எல்லாரிட்டயும் இந்த வசதி இருக்காது, அப்பிடியெண்டா ஒண்டில் தமிழ் டொக்டரைத் தேடுங்கோ, ஸ்காபரோவிலயும் மார்க்கத்திலயும் அதுக்குப் பஞ்சமில்லை, இல்லாட்டி கொம்யூனிட்டி ஹெல்த் சென்டர் எண்டு இருக்கு, அங்க புதுசா வந்த ஆக்களோட வேலை செய்து பழகினவை, ஓஹிப் எண்ட மாகாண மருத்துவக் காப்புறுதி கார்ட் இல்லாத ஆக்களையும் பாப்பினம். இரவில அவசரமா ஒரு நேர்ஸோட கதைக்க வேணுமெண்டா 811, ஒன்ராறியோ முழுக்க 24 மணித்தியாலமும், அங்கயும் மொழிபெயர்ப்பு கேக்கலாம்.

பள்ளிக்கூடமும் இதே கதைதான். ரீச்சரைச் சந்திக்கப் போகேக்க பிள்ளையே மொழிபெயர்த்தால், "ரீச்சர் என்னவாம்?" "நான் கெட்டிக்காரனாம்." முடிஞ்சுது! முதலே பள்ளிக்கூடத்துக்குச் சொன்னா பள்ளிக்கூடப் போர்ட்டால ஆள் ஒழுங்கு செய்வினம். கனக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் புதுசா வந்த குடும்பங்களுக்கெண்டே செட்டில்மென்ட் வேர்க்கர் வாறவை, ஒபீஸில கேட்டால் தெரியும்.

தலையிடிக் குளிசையை நிப்பாட்டிப்போட்டு அடுத்த கிழமையே திரும்பப் போங்கோ. பிந்த வேண்டாம்.

கேள்வி: வணக்கம் அக்கா. நான் ரெஃபியூஜி கிளெய்ம் போட்டிருக்கிறன், வாற மாசக் கடைசியில ஹியரிங் (விசாரணை). லோயர் ஒபீஸில போம் நிரப்பேக்க வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனுசன். ஆனா "ரெண்டு வருசம் மறியல்ல இருந்தனான்" எண்டு நான் சொல்ல ஒரு மாதிரிப் பாத்தவர். ஹியரிங்கிலயும் இப்பிடி ஆள் வந்தா என்ர கேஸ் பழுதாப் போகுமோ எண்டு இரவில நித்திரையே இல்லை. வேற ஆள் கேட்டால் கோவிப்பினமோ?
– ஸ்காபரோ வாசகர்

பதில்: தம்பி, கேட்டது நல்ல காலம். ஆரும் கோவிக்க மாட்டினம். இதுக்கு நான் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போறன், ஏனெண்டா "தமிழ்தானே, தமிழ் மொழிபெயர்ப்பாளர்தானே" எண்டு நினைச்சுக் கேஸைக் கெடுத்த ஆக்களை எனக்குத் தெரியும்.

அவர் ஏன் அப்பிடிப் பாத்தவர் எண்டா, எங்களுக்கு மறியல் எண்டா சிறை. தமிழ்நாட்டில மறியல் எண்டா ரோட்டை மறிச்சுப் போராட்டம் செய்யிறது, சாலை மறியல், ரயில் மறியல் எண்டு நியூஸில வருமே அது. அப்ப உங்கட வசனம் இங்கிலீஷில எப்பிடிப் போயிருக்கும்? "நான் 2 வருசம் ஆர்ப்பாட்டத்தில நிண்டனான்" எண்டு! உங்களைப் பிடிச்சு அடைச்ச கதை, நீங்களாப் போய் ரோட்டில குந்தின கதையா மாறியிருக்கும்.

இது ஒண்டு மட்டுமில்லை. "ஆமிக்காரன் எனக்குப் பேசினவன்" எண்டு நீங்கள் சொன்னா எங்கட ஊரில அது தூசணத்தால ஏசினது, அங்க பேசினது எண்டா சும்மா கதைச்சது. "அம்மாக்கு 3 வருசமா வருத்தம்" எண்டா எங்களுக்கு நோய், அவைக்குக் கவலை. "வீட்டுக்கு மேல செல் விழுந்தது" எண்டா எங்களுக்குப் பீரங்கிக் குண்டு, சண்டையே காணாத ஒரு இளம் பிள்ளை மொழிபெயர்ப்பாளரா இருந்தால் கைஃபோன்தான் ஞாபகம் வரும், ஃபோன் விழுந்ததுக்கு ஏன் ஊரை விட்டு ஓடினவை எண்டு யோசிச்சிருப்பார். "இயக்கம்" எண்ட சொல்லு வேற, எங்களுக்கு அது ஆயுதம் தூக்கின அமைப்பு, ஆனா அங்க கட்சியும் இயக்கம்தான், மரம் நடுறதும் இயக்கம்தான்.

சொல்லுப் பிழைச்சாலாவது ஆராவது முழிச்சுப் பாப்பினம், ஆபத்து என்னெண்டா முறைப்பேர். நீங்கள் போமில "சகோதரம் ஒருத்தர், தங்கச்சி" எண்டு எழுதியிருப்பீங்கள், ஹியரிங்கில போய் "அண்ணாவைத்தான் முதல் பிடிச்சவங்கள்" எண்டு சொல்லுவீங்கள். உங்களுக்கு அது பெரியப்பான்ர மகன். இங்கிலீஷில "மை பிரதர்" எண்டு போய் விழும். கேஸை விசாரிச்சு முடிவு சொல்லுற மெம்பர் போமைப் பாப்பார், அண்ணா எண்டு ஒருத்தரும் இல்லை, உடனை "முன்னுக்குப் பின் முரண்". இதில இந்தியாக்காரர், எங்கட ஆள் எண்ட வித்தியாசமில்லை, யாழ்ப்பாணத்து மொழிபெயர்ப்பாளரும் "பிரதர்" எண்டுதான் சொல்லுவார், ஏனெண்டா நீங்கள் அப்பிடித்தானே சொன்னீங்கள். அதாலை அங்க அண்ணா, மாமா, சித்தி ஒண்டும் வேண்டாம், "அப்பான்ர தமையன்ர மகன்" எண்டு முழுசாச் சொல்லுங்கோ. கேக்க விசர் மாதிரித்தான் இருக்கும், பரவாயில்லை.

இனி அலுவலுக்கு வருவம். ஹியரிங்குக்கு மொழிபெயர்ப்பாளரை அகதி கேஸ் விசாரிக்கிற போர்ட்தான் தரும், நீங்கள் காசு குடுக்கத் தேவையில்லை. எந்த மொழி, எந்தப் பேச்சுவழக்கு எண்டு உங்கட போமிலயே குறிக்க இடம் இருக்கு. அதில "தமிழ்" எண்டு மட்டும் போட்டிருந்தா, இலங்கைத் தமிழ் தெரிஞ்ச ஆள் வேணும் எண்டு உங்கட லோயர் எழுத்தில அறிவிக்க வேணும், ஹியரிங்குக்கு ஆகக்குறைஞ்சது 10 நாளைக்கு முன்னம். உங்களுக்கு நாள் இருக்கு, நாளைக்கே ஃபோன் பண்ணுங்கோ. அதோட, நிரப்பின போமை முழுக்கத் திரும்பத் தமிழில வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ, மறியல் கதை அதில என்னெண்டு போயிருக்கு எண்டு பாருங்கோ, பிழையெண்டா இப்பவே திருத்தம் குடுக்கலாம், அங்க போய்த் திருத்துறதை விட ஆயிரம் மடங்கு நல்லது.

ஹியரிங் அண்டைக்கு விளங்கேல்லை எண்டா அந்த நிமிசமே கையை உயர்த்துங்கோ. மரியாதைக்குப் பயந்து தலையாட்டிக்கொண்டு இருக்காதேங்கோ, எங்கட ஆக்களின்ர வியாதி அது. சட்டம் உங்கட பக்கம்தான். கனடா சாசனத்தின்ர 14ஆம் பிரிவு, வழக்கு நடக்கிற மொழி விளங்காத ஆளுக்கு மொழிபெயர்ப்பாளர் உரிமை எண்டு சொல்லுது. 1994ல உச்ச நீதிமன்றத்தில ட்ரான் எண்ட வியட்நாமியர் ஒருத்தற்ற வழக்கு வந்தது, அதில மொழிபெயர்ப்பாளரையே சாட்சிக்கூண்டில ஏத்திப்போட்டினம், அவர் தான் சொன்ன சாட்சியைத் தானே சுருக்கிச் சுருக்கி அந்த ஆளுக்குச் சொல்லியிருக்கிறார்! நீதிமன்றம் புது விசாரணை வைக்கச் சொன்னது. மொழிபெயர்ப்பு விடுபடாமல், சரியா, பக்கம் சாயாமல், அந்தந்த நேரத்திலயே நடக்க வேணும் எண்டது அந்தத் தீர்ப்பு. ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. 2001ல குர்திஷ் மொழிக்காரர் ஒருத்தர் தன்ர அகதி ஹியரிங்கில மொழிபெயர்ப்புச் சரியில்லை எண்டு பிறகு போய் முறைப்பட, ஃபெடரல் அப்பீல் கோர்ட் என்ன சொன்னது தெரியுமோ, பிழையெண்டு தெரிஞ்ச நேரம் அங்கேயே சொல்லியிருக்க வேணும், இப்ப வந்து சொல்லி வேலையில்லை எண்டு. விளங்குதே தம்பி? அண்டைக்கு வாயைத் திறக்காட்டி பிறகு திறந்தும் பிரயோசனமில்லை.

கடைசியா ஒண்டு. மொழிபெயர்ப்பாளர் எங்கட ஆளா வந்தால் வெளியில நிண்டு "அண்ணை, நான் இதைச் சொல்லவோ விடவோ" எண்டு யோசனை கேக்காதேங்கோ. அவருக்கும் வேலை போகும். சின்னச் சின்ன வசனமாச் சொல்லி நிப்பாட்டுங்கோ, அவர் சொல்லி முடிய அடுத்ததைச் சொல்லுங்கோ. அரை மணித்தியாலம் ஒரே மூச்சில அழுது சொன்னா, அதில பாதிதான் இங்கிலீஷில போகும்.

கேள்வி: மேடம் வணக்கம், நாங்க கும்பகோணம். அம்மா சூப்பர் விசால (பெத்தவங்க ரொம்ப நாள் தங்கற விசா) வந்து மூணு மாசம் ஆகுது. நானும் வொய்ஃபும் வேலைக்குப் போயிடறோம், அம்மா ஜன்னல் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க. "எனக்கு இங்கிலீஷ் கத்துக்கணும்டா"ன்னு அவங்களே கேக்கறாங்க. கவர்மென்ட் ஃப்ரீ கிளாஸ்ல சேத்துக்குவாங்களா?
– ஸ்காபரோ டவுன் சென்டர் பக்கம்

பதில்: அம்மா தானே கேக்கிறா எண்டதே பெரிய விசயம், விட்டிடாதேங்கோ தம்பி.

லிங்க் எண்டு சொல்லுற ஃபெடரல் இலவச வகுப்பு பிஆர் எண்ட நிரந்தர வதிவுரிமை உள்ள ஆக்களுக்கும், அகதியா ஏத்துக்கொண்ட ஆக்களுக்கும்தான், சூப்பர் விசாக்குக் கிடையாது. ஆனா ரொறன்ரோ லைப்ரரிக் கிளையளில இங்கிலீஷ் கொன்வெர்சேஷன் சேர்க்கிள் எண்டு நடக்கும், காசில்லை. வட்டமாக் கதிரை போட்டு ஒரு தொண்டர் இருந்து "இண்டைக்கு என்ன சமைச்சீங்கள்" எண்டு கேப்பார், அவ்வளவுதான் பாடம். சீனாக்கார அம்மா ஒருத்தி, ஆப்கான் ஐயா ஒருத்தர், எல்லாரும் பிழையாத்தான் கதைப்பினம், அதுதான் அதில உள்ள நன்மை. எந்தக் கிளையில எந்த நாள் எண்டு லைப்ரரிக்கு ஃபோன் அடிச்சுக் கேளுங்கோ. ஸ்காபரோக் கிளையளில தமிழ்ப் புத்தக அலுமாரியும் இருக்கு, முதல் நாள் அதைக் காட்டினால் அம்மா இரண்டாம் நாள் தானே வெளிக்கிடுவா.

முதல் கிழமை நீங்களே பஸ்ஸில கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோ, காரில இல்லை. காரில போனா பாதை பிடிபடாது. கைப்பையில ஒரு மட்டையில வீட்டு விலாசமும் உங்கட ஃபோன் நம்பரும் இங்கிலீஷில எழுதி வையுங்கோ. சூப்பர் விசாவில ஒரு முறை வந்தால் 5 வருசம் வரை நிக்கலாம் எண்டு 2022ல மாத்தினவை. அவ்வளவு காலம் ஒருத்தரை ஜன்னலுக்குப் பக்கத்தில வைச்சிருக்க ஏலுமே?

கேள்வி: இரவு வேலை, பகல் நித்திரை. லிங்க் வகுப்புக்கு என்னெண்டு போறது? சிற்றிசன் எடுத்தாப் பிறகு ஆறுதலாப் படிக்கலாம்தானே?
– பிரம்ரன் வாசகர்

பதில்: ஏலாது! சிற்றிசன் எடுத்தா லிங்க் வகுப்புக் கதவு சாத்துப்பட்டிடும், பிறகு மாகாணத்தின்ர ஈஎஸ்எல் எண்ட இங்கிலீஷ் வகுப்புத்தான். அதைவிட, 18 வயசில இருந்து 54 வரைக்கும் சிற்றிசனுக்குப் போட லெவல் 4 இங்கிலீஷோ ஃபிரெஞ்சோ காட்ட வேணும், லிங்க்ல லெவல் 4 முடிச்ச சேர்ட்டிபிகேட்டை அதுக்கே குடுக்கலாம். ஒரு கல்லில ரெண்டு மாங்காய். பின்னேர வகுப்பு, சனிக்கிழமை வகுப்பு, ஒன்லைன் வகுப்பு எல்லாம் இருக்கு. முதல் லெவல் பாக்கிற ரெஸ்டுக்குப் புக் பண்ணுங்கோ, அதில ஃபெயில் எண்டு ஒண்டில்லை, எங்க தொடங்கிறது எண்டு பாக்கத்தான். சின்னப் பிள்ளையள் இருந்தா, பிள்ளை பாக்கிற வசதியோட நடக்கிற இடங்களும் இருக்கு, மனுசியையும் சேத்துவிடுங்கோ. நீங்கள் படிச்சா காணும் எண்டு நினைக்காதேங்கோ.

கேள்வி: 911க்கு அடிச்சா இங்கிலீஷில என்ன சொல்லுறது? அதை நினைச்சாலே நெஞ்சு இடிக்குது.
– மல்வேர்ன் பக்கத்து அம்மா ஒருவர்

பதில்: மூண்டே மூண்டு காரியம் அம்மா. எடுத்த உடனை "பொலிஸ், ஃபயர், அம்புலன்ஸ்" எது எண்டு கேப்பினம், வேண்டிய ஒண்டைச் சொல்லுங்கோ. பிறகு "டமில்" எண்டு சொல்லுங்கோ. பிறகு லைனை வைக்காமல் நில்லுங்கோ, மொழிபெயர்ப்பாளரை எடுப்பினம். அந்த இடைவெளியில ஒண்டும் கேக்காது, கட் ஆகீட்டுது எண்டு நினைச்சு வைக்கிறதுதான் எல்லாரும் விடுற பிழை. விலாசத்தை மட்டும் இங்கிலீஷில சொல்லப் பழகுங்கோ, அதை எழுதி ஃபிரிட்ஜில ஒட்டுங்கோ. அவசரமில்லாத அலுவலுக்கு 211, அங்க 150க்கு மேல மொழியில உதவி கேக்கலாம்.

கேள்வி: எங்கட ஆக்களே எங்கட ஆக்களை ஏமாத்தினம் அக்கா. வந்த புதுசில ஒருத்தர் வேலை செய்யத் தேவையான சின் நம்பருக்கும் ஓஹிப்புக்கும் போம் நிரப்பித் தந்திட்டு 300 டொலர் வாங்கினவர். ரெண்டும் சும்மா கிடைக்கிறது எண்டு பிறகுதான் தெரியும். நீங்கள் வந்த காலத்திலயும் இப்பிடியோ?
– எயாக்ஸ் வாசகர்

பதில்: 300 டொலரோ! சின், ஓஹிப் ரெண்டுக்கும் ஒரு சதம் தேவையில்லை, செட்டில்மென்ட் ஒபீஸ்களில போம் நிரப்பித் தாறதும் இலவசம். இமிகிரேஷன் அலுவலுக்குக் காசு குடுக்கிறதெண்டா ஒண்டில் லோயர், இல்லாட்டி லைசன்ஸ் உள்ள கொன்சல்டன்ட். 2021ல இருந்து கொன்சல்டன்ட்மாரைக் கண்காணிக்க "கொலீஜ்" எண்டு ஒரு அமைப்பு இருக்கு, அதின்ர பதிவேட்டில பேர் இருக்கோ எண்டு இன்டர்நெட்டிலயே பாக்கலாம். கொன்சல்டன்ட் எண்டு சொல்லுறவற்ற பேர் அதில இல்லாட்டி எழும்பி வாங்கோ, தேத்தண்ணியையும் குடிக்காமல் வாங்கோ.

இதே மாதிரித்தான் கார் லைசன்ஸும், ஜி1 எண்ட முதல் கட்ட லைசன்ஸின்ர எழுத்துப் பரீட்சையைத் தமிழிலயே செய்யலாம், ரெண்டு பகுதி, ஒவ்வொண்டிலயும் 20 கேள்வி, 16 சரி வர வேணும். அதுக்கும் "நான் பாஸ் பண்ணித் தாறன்" எண்டு காசு கேக்கிற ஆக்கள் இருக்கினமாம்.

எங்கட காலத்தில ஏமாத்த ஆளும் இல்லை, ஏமாறக் காசும் இல்லை. 1986 ஓகஸ்ட்டில நியூஃபவுண்ட்லாந்துக் கடலில ரெண்டு உயிர்காப்புப் படகில 155 தமிழ் ஆக்கள் மிதக்க, கஸ் டோல்ரன் எண்ட மீன்பிடிக் கப்டன் கண்டு காப்பாத்தினவரே, அந்தச் சம்பவத்துக்கு ரெண்டு வருசத்துக்குப் பிறகு வந்தவை நாங்கள். செயின்ட் ஜேம்ஸ் ரவுன் மாடிக்கட்டடம், ஒரு படுக்கையறையில ஆறு பேர். மூண்டாம் மாடியில ஒரு வவுனியாப் பெடியன் இருந்தவன், முழுக் கட்டடத்துக்கும் அவன்தான் லோயர், டொக்டர், மொழிபெயர்ப்பாளர். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன்ர கதவுக்கு வெளியில போமும் கையுமா லைன் நிக்கும், பீஸ் ஒரு கோப்பை கோழிக்கறி. அவன் சொன்னா சொன்னதுதான், ஒருத்தரும் மறுத்துக் கதைக்க மாட்டினம்.

கனகாலத்துக்குப் பிறகு ஒரு கலியாண வீட்டில கண்டு "நீ அப்பவே இவ்வளவு இங்கிலீஷ் எங்க படிச்சனீ?" எண்டு கேட்டன். "எங்க அக்கா படிச்சது, உங்களை விட ரெண்டு மாசம் முந்தி வந்தனான், அவ்வளவுதான்" எண்டான்.